மகள் படிக்கும் கல்லூரி அணிக்கு மார்ச்சில் இடம் கிடைக்குமா: நான் நோட்டில் கணக்குப் போடும் முறை

2023 ஆகஸ்டில் என் மகள் எம்.எஸ். படிக்க இண்டியானா மாநிலத்தில் உள்ள டெர ஹோட் என்ற ஊருக்குப் போனாள். சேர்ந்தது இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். காட்பாடியில் ரயில் ஏற்றிவிடும்போது புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுத்தேன். டிசம்பர் வாக்கில் ஒருநாள் போனில் சொன்னாள்: "அம்மா, இங்க பாஸ்கெட்பால் டீம் செமயா ஆடுது. நீ பாத்தா உனக்கு ரொம்பப் புடிக்கும்." நான் பள்ளியில் ஆடியவள். அன்று பார்க்க ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை.

பகலில் தோல் பொருள் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் வேலூர் லாங் பஜார் கடைகள் சிலவற்றுக்கு ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிறேன். அதனால் அணியையும் கணக்காகத்தான் பின்தொடர முடிந்தது. குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது அமெரிக்காவில் இப்படிப்பட்ட நடுத்தரக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். "எங்க டீம் 20 மேட்ச் ஜெயிச்சிருக்கு, மார்ச் மேட்னஸ் போயிடும்ல?" என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். மார்ச் மேட்னஸ் என்பது கல்லூரி பாஸ்கெட்பால் அணிகள் மார்ச்சில் ஆடும் தேசிய நாக்-அவுட் தொடர். எத்தனை ஜெயித்தது என்பதை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. யாரை ஜெயித்தது, எந்த ஊரில் ஜெயித்தது என்று பார்க்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்று நான் கற்றுக்கொண்ட வரையில் சொல்கிறேன்.

முதலில் இடக் கணக்கு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் ஆண்கள் அணிகள் 360க்கு மேல். மார்ச் போட்டித் தொடரில் 68 அணிகளுக்குத்தான் இடம். 2011இலிருந்து இந்த எண்ணிக்கை. கல்லூரிகள் எல்லாம் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் கோப்பை வெல்லும் அணி நேராக உள்ளே போகும். 2025இல் அப்படிப் போனவை 31. மீதி 37 இடங்களைத் தேர்வுக் குழு உட்கார்ந்து பொறுக்கி எடுத்தது. அந்த 37இல் பெரும்பகுதி எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி., பிக் ஈஸ்ட் ஆகிய பெரிய கான்ஃபரன்ஸ்களுக்குப் போய்விடும். அந்த வருடம் எஸ்.இ.சி.யின் 16 அணிகளில் 14 உள்ளே போயின. பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கு வெளியே இருந்தாலும் நன்றாக ஆடும் கல்லூரிகளைத்தான் மிட்-மேஜர் என்கிறார்கள்.

ஆக, நம் அணிக்கு இரண்டு வாசல். ஒன்று கோப்பை, இன்னொன்று குழுவின் தேர்வு. இந்த இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கடைசியில்தான் கூட்ட வேண்டும். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கான்ஃபரன்ஸ் கோப்பை என்பது மார்ச் முதல் வாரங்களில் நடக்கும் நாக்-அவுட் போட்டி. ஜனவரி, பிப்ரவரி முழுக்க ஆடி லீக்கில் முதலிடம் பிடித்தாலும் அந்த நாக்-அவுட்டில் ஒரு மேட்ச் தோற்றால் நேரடி வாசல் மூடிவிடும்.

இப்போது நோட்டை எடுங்கள். நான் லாங் சைஸ் நோட்டு வைத்திருக்கிறேன், கணினியில் போட்டாலும் சரி. ஒரு மேட்சுக்கு ஒரு வரி. தேதி, எதிரணி, எங்கே ஆடினார்கள், முடிவு, எதிரணியின் நெட் தரவரிசை. இந்த நெட் என்பது என்.சி.ஏ.ஏ.வே 2018-19 சீசனிலிருந்து வெளியிடும் பட்டியல். சீசன் தொடங்கி ஒரு மாதம் போல ஆனதும் வர ஆரம்பிக்கும், அப்புறம் தினமும் மாறும். இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஆர்.பி.ஐ. என்ற பழைய முறை இருந்தது. அதில் நம் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50, அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம் என்பதற்கு அதில் இடமே இல்லை.

நெட்டில் அது உண்டு. 100 முறை பந்து கையில் வந்தால் எத்தனை புள்ளி போடுகிறோம், எத்தனை கொடுக்கிறோம், எதிரணி எப்படிப்பட்டது, ஆடிய இடம் எது என்றெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு மேட்சில் 70 முறை பந்து கிடைத்து 77 புள்ளி போட்டால் 100க்கு 110. எதிரணியை அதே 70 முறையில் 70 புள்ளியில் நிறுத்தினால் 100க்கு 100. வித்தியாசம் பத்து. கடைக்காரர்களிடம் நான் சொல்வதும் இதுதான்: விற்பனை எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், அடக்கம் போக எவ்வளவு நின்றது என்று பாருங்கள்.

அடுத்ததுதான் மிக முக்கியமான வேலை. ஒவ்வொரு வரியையும் குவாட் 1, 2, 3, 4 என்று நான்கு கட்டங்களில் ஒன்றில் போட வேண்டும். தேர்வுக் குழுவின் மேசையில் இருக்கும் தாளிலும் இந்த நான்கு கட்டங்கள்தான்.

குவாட் 1 என்றால், எதிரணி சொந்த ஊரில் நம்மோடு ஆடும்போது நெட்டில் 1 முதல் 75க்குள் இருக்க வேண்டும். இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத பொது மைதானம் என்றால் 1 முதல் 50. நம் மைதானத்துக்கு வந்திருந்தால் 1 முதல் 30. குவாட் 2இல் வெளியூர் 76-135, பொது 51-100, நம் ஊர் 31-75. குவாட் 3இல் வெளியூர் 136-240, பொது 101-200, நம் ஊர் 76-160. அதற்குக் கீழே எல்லாம் குவாட் 4.

இதைப் படித்தபோது எனக்குப் பள்ளிக் காலம்தான் நினைவுக்கு வந்தது. அப்போது வட ஆற்காடு ஒரே மாவட்டம். திருவண்ணாமலையும் எங்களோடு சேர்ந்ததுதான். எங்கள் பள்ளியில் சிமென்ட் தரை. வெளியூர் போனால் பல இடங்களில் செம்மண் தரை. பந்து எழும்பாது, திரும்பி ஓடினால் கால் வழுக்கும், சுற்றி நிற்கும் கூட்டம் மொத்தமும் அவர்கள் பக்கம். எங்கள் தரையில் 15 புள்ளியில் அடித்த அதே அணியிடம் அங்கே போய் 2 புள்ளியில் ஜெயிக்கவே மூச்சு வாங்கும். எங்கள் பி.டி. சார் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920இல் அதை நிறுவிய எச்.சி. பக், அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் படித்தவர். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தையே உருவாக்கிய இடம் அது. "வெளியூர்ல ஒண்ணு ஜெயிச்சா உள்ளூர்ல ரெண்டு ஜெயிச்ச மாதிரிம்மா" என்பார் சார். 75ஆம் இடத்து அணியை அவர்கள் ஊரில் தோற்கடிப்பதும் 30ஆம் இடத்து அணியை நம் ஊரில் தோற்கடிப்பதும் ஒரே கட்டம் என்று என்.சி.ஏ.ஏ. எழுதி வைத்திருப்பது எனக்கு முழுக்கச் சரியாகப் படுகிறது.

கட்டம் போடும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். எதிரணியின் இன்றைய இடம்தான் கணக்கு, ஆடிய அன்று இருந்த இடம் கணக்கில்லை. நவம்பரில் 70ஆம் இடத்தில் இருக்கும் என்று எல்லோரும் நினைத்த அணி பிப்ரவரியில் 140க்குச் சரிந்தால், அவர்கள் ஊரில் நாம் வாங்கிய வெற்றி குவாட் 3க்கு இறங்கிவிடும். அதனால் நான் கட்டத்தைப் பென்சிலில்தான் எழுதுவேன், ஞாயிறுதோறும் திருத்துவேன். பாக்கிப் பட்டியலில் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று நகர்த்தி எழுதுகிறோமே, அதே வேலை. இரண்டாவது, முதல் பிரிவுக்கு வெளியே உள்ள சின்னக் கல்லூரிகளை ஜெயித்தால் மொத்த வெற்றிக் கணக்கில் அது தெரியும், நெட்டில் சேராது. 20 வெற்றி என்று யாராவது சொன்னால் அதில் இப்படி எத்தனை என்று முதலில் கழியுங்கள்.

கட்டங்கள் நிறைந்ததும் மிட்-மேஜர் அணியின் கஷ்டம் பளிச்சென்று தெரியும். இண்டியானா ஸ்டேட் இருப்பது மிசூரி வேலி கான்ஃபரன்ஸில். 2023-24இல் அதில் 12 அணிகள், லீக்கில் 20 மேட்ச். அந்த 20இல் பெரும்பாலான எதிரணிகள் நெட்டில் 100ஆம் இடத்துக்குப் பின்னால். குவாட் 1 வாய்ப்பே ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும். எஸ்.இ.சி.யில் நடுவில் இருக்கும் ஒரு அணிக்கு அப்படிப்பட்ட மேட்ச் 12, 15 கூட வரும். அவற்றில் பாதியில் தோற்றாலும் மீதிப் பாதி வெற்றியாக நிற்கும். பெரிய கல்லூரிகள் நம் ஊருக்கு வந்து ஆட ஒப்புக்கொள்வதும் அரிது. வந்தால் அவர்களுக்கு லாபமில்லை, தோற்றால் பெரிய நஷ்டம். ஆகவே நவம்பர், டிசம்பரில் நம் அணி அவர்கள் ஊருக்குப் போய் ஆடும் இரண்டு, மூன்று மேட்சுகள் தங்கம். 2023-24இல் இண்டியானா ஸ்டேட்டுக்கு அப்படிக் கிடைத்தவை அலபாமா, மிச்சிகன் ஸ்டேட். இரண்டிலும் தோற்றது. மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆடிய அன்று டிசம்பர் 30. மகள் விடுமுறையில் தோழி வீட்டில் இருந்தாள், போனில் இருவரும் சேர்ந்து பார்த்தோம். அந்த மேட்சின் எடை அன்று எனக்குத் தெரியவில்லை. அதில் ஜெயித்திருந்தால் மார்ச் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

கெட்ட தோல்விகளைச் சிவப்பு மையில் எழுதுங்கள். குவாட் 3, 4 தோல்வி பெரிய அணிக்கு ஒரு கீறல், நம் அணிக்கு எலும்பு முறிவு. 2024 பிப்ரவரியில் இண்டியானா ஸ்டேட், பத்திரிகையாளர்கள் வாக்களித்துப் போடும் ஏ.பி. தரவரிசையில் முதல் 25க்குள் வந்தது. 1979க்குப் பிறகு அதுதான் முதல் முறை. 1979 என்பது, பின்னாளில் பெரிய நட்சத்திரமான லாரி பேர்ட் இந்த அணிக்கு ஆடிய வருடம். 33 மேட்ச் தோற்காமல் வந்து, இறுதிப் போட்டியில் மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 75-64 என்று தோற்ற அணி அது. ஊரே கொண்டாடியதாக மகள் சொன்னாள். அந்த வாரமே நெட்டில் 100ஐத் தாண்டிய இடத்தில் இருந்த இல்லினாய் ஸ்டேட்டிடம் தோற்றார்கள். சிவப்பு மையில் அதை எழுதியபோது கை தயங்கியது.

நெட் தவிர குழுவின் தாளில் வேறு எண்களும் உண்டு. கென்பாம், பி.பி.ஐ., டார்விக் ஆகியவை நெட் போலவே ஓர் அணி எவ்வளவு பலமானது என்று சொல்பவை. எஸ்.ஓ.ஆர்., கே.பி.ஐ. இரண்டும் அந்த அணி இதுவரை என்ன சாதித்தது என்று சொல்பவை. இவற்றோடு 2024-25இல் டபிள்யூ.ஏ.பி. என்ற எண்ணையும் சேர்த்தார்கள். நமக்கு மிகவும் பயன்படுவது அதுதான். இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று விளிம்பில் நிற்கும் ஒரு சராசரி அணியை எடுத்துக்கொண்டு, நம் அணி ஆடிய அதே மேட்சுகளை அதே ஊர்களில் அது ஆடியிருந்தால் எத்தனை ஜெயித்திருக்கும் என்று கணக்கிடுவார்கள். அது 22 என்று வந்து, நாம் 24 ஜெயித்திருந்தால் நமக்கு +2. வாய்ப்பே குறைவாகக் கிடைத்த அணிக்கும் இது நியாயமாக நடந்துகொள்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் இரண்டாவது வாசலை மறந்துவிடலாம். +1க்கு மேல் போனால் நம்பிக்கை வைக்கலாம் என்பது என் கணிப்பு.

சரி, இப்போது சதவீதம். இதைப் பிப்ரவரி கடைசியில் செய்யுங்கள். முன்னால் செய்தால் எண்கள் நிலைக்காது.

முதல் வாசல். மிசூரி வேலி கோப்பை செயின்ட் லூயிஸ் நகரில், பொது மைதானத்தில் நடக்கும். லீக்கில் முதலிடம் பிடித்த அணிக்கு ஆரம்பச் சுற்று கிடையாது, மூன்று மேட்ச் ஜெயித்தால் கோப்பை. முதல் மேட்சில் ஜெயிக்க 85 சதவீதம், அரையிறுதியில் 75, இறுதியில் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்களைக் கென்பாம் போன்ற தளங்கள் போடும் மேட்ச் கணிப்பிலிருந்து எடுக்கலாம். சொந்த மைதானத்துச் சாதகம் ஏறக்குறைய 3 புள்ளி; பொது மைதானத்தில் அதைக் கழித்துவிட வேண்டும். இப்போது இதே கோப்பையை 1000 முறை ஆடுவதாக நினையுங்கள். 850 முறை அரையிறுதிக்கு வருவார்கள். 637 முறை இறுதிக்கு. 382 முறை கோப்பை. மூன்றிலும் அவர்கள்தான் பலமான அணி, ஆனாலும் கோப்பை 38 சதவீதம்தான். என்னிடம் கேட்கும் பெற்றோர் எல்லோரும் அதிர்ச்சி அடைவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது வாசல். மீதி 618 முறையில் 255 முறை இறுதியில் தோற்கிறார்கள், 363 முறை அதற்கு முன்பே. இறுதியில் நல்ல அணியிடம் தோற்றால் குழு எடுத்துக்கொள்ள 35 சதவீத வாய்ப்பு என்றும், முன்பே தோற்றால் 10 சதவீதம் என்றும் வைக்கிறேன். டபிள்யூ.ஏ.பி.யும் கட்டங்களும் எப்படி இருக்கின்றன என்பதைப் பார்த்து இந்த இரண்டு எண்களை நீங்களே கூட்டிக் குறைக்க வேண்டும். 255க்கு 89, 363க்கு 36. 382-உடன் கூட்டினால் 507. ஆக 51 சதவீதம், நாணயம் சுண்டுவது போல. லீக்கில் முதலிடம் பிடித்த மிட்-மேஜர் அணியின் நிலை பல வருடங்களில் இதுதான்.

கோப்பை வாரம் தொடங்கியதும் மற்ற கான்ஃபரன்ஸ்களையும் பார்க்க வேண்டும். எப்படியும் உள்ளே போக இருந்த பெரிய அணி தன் கான்ஃபரன்ஸ் கோப்பையில் தோற்று, போகவே வாய்ப்பில்லாத அணி அந்தக் கோப்பையை வென்றால் குழு பொறுக்கி எடுக்கும் இடங்களில் ஒன்று குறையும். தோற்ற பெரிய அணிக்குக் குழு அந்த இடங்களிலிருந்துதான் ஒன்றைக் கொடுக்கும். 2024 மார்ச்சில் இது அடுத்தடுத்து நடந்தது. ஏ.சி.சி.யில் 10ஆம் தரத்தில் இருந்த என்.சி. ஸ்டேட் ஐந்து நாளில் ஐந்து மேட்ச் ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. அப்புறம் அதே அணி கடைசி நான்கு வரை போனது, அது வேறு கதை. பேக்-12இல் ஆரிகன், அட்லாண்டிக் 10இல் டுகேன். ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு இடத்தை அடித்தேன். அதனால் அந்த வாரத்தில் மற்ற கான்ஃபரன்ஸ்களில் பெரிய அணிகள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் நாம் வேண்டிக்கொள்ள வேண்டும். சின்ன அணி ஜெயிப்பதைப் பார்த்து மனம் மகிழும்; நம் அணி வெளியே காத்திருக்கும்போது அந்த மகிழ்ச்சிக்கு விலை உண்டு.

இண்டியானா ஸ்டேட்டுக்கு நடந்தது இது. 2024 மார்ச் 10, ஞாயிறு இரவு. மிசூரி வேலி கோப்பையின் இறுதி, நம் நேரத்துக்கு நடுநிசியைத் தாண்டி முடிந்த மேட்ச். டிரேக் 84, இண்டியானா ஸ்டேட் 80. கண்ணாடி போட்டு ஆடும் ராபி அவிலா என்ற அந்த உயரமான பையன் தலையைக் குனிந்துகொண்டு போனது கண்ணிலேயே நின்றது. மறுநாள் கம்பெனியில் மாதக் கணக்கு முடிக்கும் வேலை, ஒன்றும் ஓடவில்லை. அணியின் கணக்கு 28 வெற்றி, 6 தோல்வி, நெட்டில் 30க்குள். அவ்வளவு மேலே இருக்கும் அணியை விடமாட்டார்கள் என்று மகளிடம் சொன்னேன். தப்பாகச் சொல்லிவிட்டேன். குவாட் 1 கட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதில் வெற்றி மிகக் குறைவாக இருந்தது.

பட்டியலை அறிவிக்கும் நாள் செலக்‌ஷன் சண்டே. அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 6 மணி, நமக்குத் திங்கள் விடியற்காலை 3:30. அலாரம் வைத்து எழுந்து, பில்டர் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு பகுதிகளும் அறிவித்து முடித்தார்கள், பெயர் வரவில்லை. நெட்டில் பல படி கீழே இருந்த வர்ஜீனியா உள்ளே வந்தது. அந்த அணி, சில அணிகள் மட்டும் முன்கூட்டியே ஆடும் டேட்டன் நகர ஆரம்பச் சுற்றில் கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று தோற்றது. அடுத்த வருடம் குவாட் 1இல் 1 வெற்றி, 12 தோல்வி என்றிருந்த நார்த் கரோலைனாவுக்கும் இடம் கிடைத்தது. நல்ல வாய்ப்புகள் பலமுறை கிடைத்துத் தோற்ற அணியை எடுப்பதா, வாய்ப்பே கிடைக்காமல் மற்றதையெல்லாம் ஜெயித்த அணியை எடுப்பதா என்ற கேள்வியில், வாய்ப்புக் கிடைக்காத அணியைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 2006இல் ஜார்ஜ் மேசனையும் 2011இல் வி.சி.யு.வையும் குழு எடுத்தது. இரண்டும் கோப்பை வெல்லாமல் தேர்வில் போன மிட்-மேஜர் அணிகள், இரண்டுமே கடைசி நான்கு வரை போயின. வி.சி.யு. டேட்டன் சுற்றிலிருந்தே தொடங்கி அவ்வளவு தூரம் போனது.

பெயர் வரவில்லை என்றால் அன்று இரவே, அங்கே இடம் கிடைக்காத அணிகள் ஆடும் என்.ஐ.டி. பட்டியலைப் பாருங்கள். 32 அணிகளின் தொடர், 1938இல் தொடங்கியது, என்.சி.ஏ.ஏ. தொடரைவிட ஒரு வருடம் மூத்தது. இண்டியானா ஸ்டேட் அதில் நான்கு மேட்ச் ஜெயித்து இறுதிக்குப் போனது. இண்டியானாபொலிஸில் ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கில் ஆட்டம். டெர ஹோட்டிலிருந்து காரில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர், நம் வேலூரிலிருந்து சென்னைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கிட்டே. மகள் தோழிகளோடு போயிருந்தாள். 79-77 என்று சீட்டன் ஹாலிடம் தோற்றார்கள். அரங்கம் முழுக்க நம் அணியின் நீலம்தான், தொண்டை கட்டிவிட்டது என்று மறுநாள் கரகரத்த குரலில் சொன்னாள்.

அதோடு நோட்டை மூடிவிடாதீர்கள். ஏப்ரலில் இன்னொரு பக்கம் எழுத வேண்டும்: யார் அடுத்த வருடம் இருக்கிறார்கள், யார் போகிறார்கள். நன்றாக ஆடிய மிட்-மேஜர் அணியின் பயிற்சியாளரையும் ஆட்டக்காரர்களையும் பெரிய இடங்கள் கூப்பிடும். அந்த ஏப்ரலில் இண்டியானா ஸ்டேட் பயிற்சியாளர் ஜோஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அவிலாவும் அவரோடு போனார். முந்தைய வருடத்து நெட்டை வைத்து அடுத்த நவம்பரைக் கணிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பக்கம். தொடக்க ஐவரின் பெயர்களை எழுதி, போனவர்கள் பெயருக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். மகள் அன்று பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தில் எத்தனை மிச்சம் என்பதுதான் புது நோட்டின் முதல் வரி.